வீட்டு வேலியில் வேலிப்பருத்தி: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலைவனத்தில் வளரும் பால்கொடி ஒன்றின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, இதன் விதை நம் ஊரில் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் காட்டும் கொடி பெரும்பாலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடக்கிலும் பரந்து கிடக்கும் சொனோரா பாலைநிலத்துக்கு உரியது. ஃபனாஸ்ட்ரம் சைனான்காய்டீஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் மணல் ஓடைகளின் கரையில் புதர்களைப் பற்றி ஏறும் அந்தக் கொடியைக் கிள்ளினால் பால் வடியும். குடை விரித்தாற்போல் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ‘குயின்’ என்று அங்கே அழைக்கப்படும் பழுப்புப் பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். படத்தைப் பார்த்தால் ஆசை வருவது இயல்புதான்.

ஆனால் அந்த விதைக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதே போலப் பால் வடியும், வறட்சியைத் தாங்கும் கொடி ஒன்று தேவனாம்பட்டினத்து மணல்மேட்டிலும் வானூர்ச் செம்மண் வேலிகளிலும் பாகூர் வரப்போரத்திலும் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. வேலிப்பருத்தி என்றும் உத்தாமணி என்றும் அதைச் சொல்கிறோம். பெர்குலேரியா டேமியா என்ற தாவரவியல் பெயர் கொண்ட இக்கொடி ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களிலும் அரேபியாவிலும் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. இதன் நெருங்கிய உறவான பெர்குலேரியா டொமென்டோசா சகாராவிலும் சினாயிலும் வளரும் அசல் பாலைவனச் செடி. அதன் பாலைக் கொண்டு தோலிலிருந்து மயிர் நீக்கும் வழக்கம் அந்நாட்டுத் தோல் பதனிடுவோரிடம் இருந்தது. ஆகவே பாலைவனத்துப் பால்கொடி வேண்டும் என்பவர் தம் தெருமுனை வேலியிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து. வெளிநாட்டுக் கொடியை ஆசைக்குக் கொண்டுவந்து நட்டால் என்ன ஆகும் என்பதற்கு மடகாஸ்கரிலிருந்து வந்த ரப்பர் கொடியே சான்று. ஊதாப் பூவின் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டு செல்லப்பட்ட அது, ஆஸ்திரேலியாவில் ஆற்றோர மரங்களையே மூடி அழுத்தும் களையாகிவிட்டது.

முதலில் கொடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

வேலியில் படரும் இதய வடிவ இலைக் கொடிகள் நம் பக்கத்தில் பல உண்டு. எல்லோரும் முதலில் ஏமாறுவது சீந்திலிடம்தான். ஆகவே இலையின் வடிவத்தை மட்டும் நம்பாமல், கணுவைப் பாருங்கள். வேலிப்பருத்தியில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிரே நிற்கும்; சீந்திலில் ஒரு கணுவுக்கு ஓர் இலைதான். அடுத்து, இலைக்காம்பை நகத்தால் மெல்லக் கிள்ளுங்கள். வெள்ளைப் பால் உடனே துளிர்த்தால் அது வேலிப்பருத்தியாகவோ அதன் உறவுக் கொடியாகவோ இருக்கும். சீந்திலும் கோவையும் மொசுமொசுக்கையும் இவ்வாறு பால் வடிக்காது. கோவைக்கும் மொசுமொசுக்கைக்கும் சுருள் சுருளான பற்றுக்கம்பி இருக்கும். வேலிப்பருத்திக்கு அது கிடையாது, தண்டே சுற்றிக்கொண்டு ஏறும்.

பால் வடியும் உறவுக் கொடிகளான சிறுகுறிஞ்சான், பெருங்குறிஞ்சான், நஞ்சறுப்பான் ஆகியவற்றிலிருந்து இதைப் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் போதும். இளந்தண்டில் நீண்ட மென்மயிர் அடர்ந்திருக்கும். இலையைக் கசக்கினால் மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு வாடை எழும். காயில் மென்மையான முள் முள்ளான புடைப்புகள் இருக்கும். இந்த மூன்றாவதைப் பார்த்துவிட்டால் பிறகு ஐயத்துக்கே இடமில்லை. இலையே இல்லாமல் பச்சைக் குச்சிகளாகப் பின்னிக் கிடக்கும் கொடிக்கள்ளியும் இதே குடும்பம்தான், ஆனால் அதை யாரும் இதனோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

பூவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் இந்தப் பூக்கள் வெள்ளையும் வெளிர் பச்சையும் கலந்த மங்கிய நிறம் கொண்டவை. தொலைவில் கண்ணைக் கவர்வதில்லை. அருகில் போனால் இதழ் விளிம்பு முழுவதும் மெல்லிய மயிர் வரிசையும், நடுவில் வெண்ணிறத்தில் நிமிர்ந்த மகுடம் போன்ற உறுப்பும் தெரியும். இக்குடும்பத்துப் பூக்களில் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை. இரண்டு சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு, நடுவில் ஒரு கவ்வியால் இணைக்கப்பட்டிருக்கும். தேனுக்கு வரும் பூச்சியின் கால் அந்த இடுக்கில் சிக்கினால்தான் பொதி அதனோடு வெளியே வரும். அந்தக் கால் மற்றொரு பூவின் இடுக்கில் சரியாக நுழைந்தால்தான் காய் பிடிக்கும். நூறு பூ பூத்தும் நாலைந்து காய்தானே நிற்கிறது என்று புதியவர்கள் வருந்துவதுண்டு. உரம் போடாததால் வந்த குறையன்று அது. இந்தப் பூவின் அமைப்பே அப்படி.

பாலைப் பற்றி ஓர் எச்சரிக்கை

கையில் படும் பால் சிலருக்கு அரிப்பையும் கொப்புளத்தையும் தரும். கண்ணில் பட்டால் எரிச்சலோடு நிற்காமல் கருவிழி வீங்கிப் பார்வை மங்கவும் கூடும். காய் பறிக்கும்போதும் கொடியை வெட்டும்போதும் கையுறை போட்டுக்கொள்வதும், வேலை முடிந்தபின் சோப்புப் போட்டுக் கழுவும்வரை முகத்தில் கை வைக்காமல் இருப்பதும் கட்டாயம். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், ஓடும் நல்ல தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். என்னிடம் இந்தக் கொடியை முதன்முதலில் காட்டிய மஞ்சக்குப்பத்து ஆயா ஒருவர், “உத்தாமணிய கிள்ளினா கைய வேட்டியில தொடச்சிட்டு கண்ண கசக்காத தம்பி” என்றுதான் பாடத்தைத் தொடங்கினார். இன்றுவரை நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சித்த மருத்துவத்தில் உத்தாமணிக்கு நெடுங்காலமாக இடம் உண்டு. குழந்தைகளின் கோழைக்கும் மூட்டு வலிக்கும் கைமருந்தாகச் சொல்வார்கள். ஆயினும் இதன் பாலிலும் விதையிலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் சேர்மங்கள் இருப்பதால், பதிவு பெற்ற சித்த மருத்துவர் அளவு சொல்லித் தராமல் சாறாகவோ துவையலாகவோ உட்கொள்ளக் கூடாது. குழந்தைக்கு வீட்டிலேயே சாறு பிழிந்து கொடுப்பது ஆபத்து.

விதை சேகரிக்கும் முறை

நம் கடற்கரை வட்டாரத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிடுகிறது. அந்த ஈரத்தில் செழித்துப் பூக்கும் கொடியில் காய்கள் பெரும்பாலும் தையிலும் மாசியிலும் முற்றும். ஒரு பூவிலிருந்து இரண்டு காய்கள் ஆட்டுக்கிடாயின் கொம்பு போல விரிந்து நிற்கும். சில வேளை ஒன்று மட்டும் தேறும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். முதல் ஆண்டில், பக்கத்து மனையைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பச்சையாக இருந்த காய்களை எல்லாம் அவசரமாகப் பறித்து வந்து வெயிலில் உலர்த்தினேன். காய் காய்ந்தது, வெடிக்கவும் செய்தது. உள்ளே இருந்த விதைகளோ வெளுத்துச் சப்பையாக இருந்தன. நாற்பது விதை ஊன்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. கொடியிலேயே முற்றாத விதை பறித்தபின் முற்றுவதில்லை என்பதை அப்போதுதான் கற்றேன்.

சரியான பருவம் எது என்றால், காயின் பச்சை மங்கி மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம் வந்து, அதன் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் தையல் போன்ற கோட்டில் விரலால் மெல்ல அழுத்தியவுடன் அது பிளக்க வேண்டும். அதற்கு ஓரிரு நாள் தாமதித்தாலும் காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். வேலைக்குப் போகிறவர்களால் தினமும் நின்று பார்க்க முடியாது. அவர்கள் நிறம் மாறத் தொடங்கிய காயின் மேல் கொசுவலைத் துணியில் தைத்த சிறு பையை மாட்டி, வாயை நூலால் தளர்வாகக் கட்டிவிட்டால் போதும். காய் வெடித்தாலும் பஞ்சு பைக்குள்ளேயே தங்கிவிடும்.

பிளந்த காயின் உட்புறத்தை ஒருமுறையாவது குழந்தைகளை அருகில் அழைத்துக் காட்டுங்கள். தட்டையான பழுப்பு விதைகள் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் ஈரத்தோடு ஒட்டிக்கிடக்கும் வெண்பட்டு நூல்கள் நீண்டிருக்கும். வெயில் பட்ட சில நிமிடங்களில் அந்த நூல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, குஞ்சம் விரிந்து, விதையைத் தூக்கிக்கொண்டு எழும்பும். வேலியில் விளையும் பருத்தி என்ற பெயர் எதனால் வந்தது என்று யாரும் விளக்க வேண்டிய தேவை அப்போது இருக்காது.

பஞ்சை நீக்கும் வேலையைக் காற்றில்லாத அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். குஞ்சத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் விதைகளை உருவினால் அவை எளிதில் கழன்று வரும். நல்ல விதை தடித்து, மென்மயிர் போர்த்தி, கரும்பழுப்பாக இருக்கும்; வெளுத்ததையும் சப்பையையும் ஒதுக்கிவிடுங்கள். நிழலில் மூன்று நாள் உலர்த்திக் காகித உறையில் போட்டு, எந்த ஊரில் எந்த நாளில் எடுத்தது என்று எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் நம் கடற்கரைப் புழுக்கத்துக்குப் பூசணம் பிடித்துவிடும். அந்த ஆடிக்கே விதைத்துவிடுவது நல்லது.

ஒரு வேலியில் இருக்கும் காய்களில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள்.

விதைப்பும் நடவும்

ஆடியில் விதைத்தால் அவ்வப்போது பெய்யும் மாலை மழையில் முளைத்து, ஐப்பசி அடைமழைக்குள் வேர் ஆழ இறங்கிவிடும். வாய்ப்பிருந்தால் கொடி நிற்க வேண்டிய இடத்திலேயே நேரடியாக ஊன்றிவிடுங்கள். இதற்கு ஆழமாக இறங்கும் கட்டை வேர் உண்டு, பெயர்த்து நடுவதை அது விரும்புவதில்லை. தொட்டியில் எழுப்பித்தான் நடவேண்டும் என்றால், நாற்றுத் தட்டைத் தவிர்த்து, ஓரடி ஆழமாவது உள்ள பையில் இரண்டு விதை வீதம் ஊன்றி, நான்கைந்து இலை வந்தவுடன் வேர் குலையாமல் பையைக் கிழித்து வைத்துவிட வேண்டும். விதையை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, விரற்கடை ஆழத்துக்கும் குறைவாகவே மண் மூடுங்கள். இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும்.

மண்ணைப் பொறுத்தவரை புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆரோவில், காலாப்பட்டு, திருவந்திபுரம் பக்கத்துச் செம்மண்ணாக இருந்தாலும், கடலோர மணலாக இருந்தாலும் அப்படியே நடலாம். பாகூர் போன்ற நெல் வயல் பகுதியின் களிமண்ணில் மட்டும் மழை நீர் தேங்கி வேர் அழுகும்; அங்கே முழங்கால் உயரத்துக்கு மண்மேடு கட்டி, பாதிக்குப் பாதி மணல் கலந்து அதன்மேல் நடுங்கள். உரம் தேவையில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருத்து, பூ குறையும்.

முதல் இரண்டு மாதம் மண் காய்ந்தபின் தண்ணீர் விடுங்கள். அதன்பின் கத்திரி வெயிலில் வாரத்துக்கு ஒரு குடம் போதும். விடாவிட்டாலும் கொடி இலையை உதிர்த்துவிட்டுக் கட்டை வேரில் உயிரை வைத்துக்கொண்டு காத்திருக்கும். காய்ந்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கி எறிவதுதான் புதியவர்கள் செய்யும் பெரும் பிழை.

ஏற்றுவதற்குக் கம்பி வேலியோ மூங்கில் படலோ எதுவும் ஆகும். முன்பெல்லாம் கிளுவையும் காட்டாமணக்கும் நட்ட உயிர்வேலிகளில் இக்கொடி கேட்பாரற்றுப் படர்ந்தது. லாஸ்பேட்டையிலும் கூத்தப்பாக்கத்திலும் இன்று மனைக்கு மனை மதில் எழுந்துவிட்டதால், வழவழப்பான பூச்சில் பற்ற வழியின்றி அது தெருவை விட்டே அகன்று வருகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மதில் உள்ளவர்கள் அதன்மேல் நான்கு ஆணி அறைந்து தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் கொடிக்கு அது தாராளம். எலுமிச்சை போன்ற சிறு மரத்தில் மட்டும் ஏற விடாதீர்கள், கிளையை மூடிவிடும். இரண்டு மூன்று அடி இடைவெளியில் குறைந்தது மூன்று கொடியாவது நடுவது நல்லது; காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

பட்டாம்பூச்சி வந்த பிறகு

இந்தக் கொடியை நான் வளர்ப்பதற்கும் பிறரை வளர்க்கத் தூண்டுவதற்கும் முதற்காரணம் வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சி. செம்பழுப்பு இறகும், கருப்பு முனையில் வெண்பட்டையும் கொண்ட இது, அமெரிக்கப் பாலைக்கொடியில் முட்டையிடும் அந்தக் ‘குயின்’ சேர்ந்துள்ள டானாஸ் பேரினத்தையே சேர்ந்தது. அங்கே அந்தக் கொடியும் அந்தப் பட்டாம்பூச்சியும் எப்படியோ, இங்கே வேலிப்பருத்தியும் எருக்கும் வெந்தய வரியனும் அப்படியே.

பெண் பூச்சி தாழப் பறந்து, இளம் இலையின் அடிப்புறத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போகும். வெள்ளையாக, நுனி குறுகி, குண்டூசித் தலையளவு இருக்கும். மூன்று நான்கு நாளில் வெளிவரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும். பின் வளர வளரக் கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்டு, முதுகில் மூன்று இணைக் கருங்கொம்புகளோடு திரியும். அது தின்னும் விதத்தைப் பாருங்கள். பெரிய இலைக்கு வந்தவுடன் விளிம்பைக் கடிக்காது. முதலில் நடுநரம்பைக் கடித்து அறுக்கும். பால் அங்கே வடிந்து தீர்ந்து, இலை தொங்கிய பிறகுதான், பால் வராத நுனிப்பக்கத்திலிருந்து அமைதியாகத் தின்னத் தொடங்கும். அப்படியும் உடம்பில் சேரும் நச்சே அதற்குக் காப்பாகிறது. ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை கிட்டே வருவதில்லை. இந்தக் காப்பைக் கண்டு, நச்சே இல்லாத வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்ணும் வெந்தய வரியனைப் போலவே வேடமிட்டுத் திரிகிறது. அதன் புழுவுக்கு உணவு பருப்புக்கீரை. ஆகவே வேலியடியில் முளைக்கும் பருப்புக்கீரையைக் களையென்று கொத்திவிட வேண்டாம்.

நான்கைந்து புழுக்கள் சேர்ந்தால் ஓர் இளங்கொடியை ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடும். மூன்று கொடி நடச் சொன்னது இதற்காகத்தான். மொட்டையான கொடி மறுபடி துளிர்க்கும், பதறிப்போய் மருந்தடிக்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் இயற்கையானது என்றாலும் இந்தப் புழுவையும் கொல்லும். கொழுந்தில் மஞ்சள் நிற அசுவினி மொய்த்தால், பக்கத்தில் முட்டையோ புழுவோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோ விரலால் வழித்தோ நீக்கினால் போதுமானது.

ஆண் பூச்சிகளைத் தங்க வைக்க விரும்பினால் வேலியோரத்தில் கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்கையும் விட்டு வையுங்கள். இனச்சேர்க்கைக்கு வேண்டிய மணப்பொருளை உண்டாக்கும் சேர்மங்களை ஆண்கள் அவற்றின் வாடிய தண்டிலிருந்தும் காய்ந்த காயிலிருந்தும்தான் உறிஞ்சுகின்றன. வாடிய கிலுகிலுப்பைச் செடியொன்றில் ஒரு காலை நேரத்தில் ஏழெட்டு வரியன்கள் அசையாமல் ஒட்டியிருப்பதைக் காலாப்பட்டுப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். காய்ந்த செடியை ஏன் பிடுங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

புயலும் கவாத்தும்

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் இவ்வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை மறந்தவர் யாருமில்லை. கொடிக்குக் காற்றால் பெரிய தீங்கு வராது. அது ஏறியிருக்கும் படல்தான் பெயர்ந்து பறக்கும். ஆகவே ஐப்பசி பிறப்பதற்குள் படலின் கால்களை ஆழ ஊன்றி, கயிறு நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வேரடியில் தண்ணீர் தேங்காமல் ஒரு சிறு வாய்க்கால் கீறி வைப்பதும் அப்போதே செய்ய வேண்டிய வேலை.

இரண்டாம் ஆண்டு முதல், ஆடித் தொடக்கத்தில் தரையிலிருந்து இரண்டடி விட்டு மேலே உள்ள பழைய தண்டுகளைக் கத்தரித்தால் புதுத்தளிர் அடர்ந்து வரும். அந்தத் தளிரில்தான் முட்டையும் அதிகம் விழும். ஒரே நாளில் மூன்று கொடியையும் வெட்டாமல் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். கத்தரியை எடுக்கும் முன் படலின் அடிப்புறத்தையும் உலர்ந்த தண்டுகளையும் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ வெளிர் இளஞ்சிவப்பாகவோ, பொற்புள்ளிகள் மின்ன, தலைகீழாக ஒரு கூட்டுப்புழு தொங்கினால் அந்தத் தண்டை மட்டும் பத்து நாள் விட்டு வையுங்கள். கூடு கருத்து, உள்ளே இறகின் செம்பழுப்பு தெரியத் தொடங்கினால், மறுநாள் காலையில் அது காலியாக இருக்கும். அதன் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.